சாம்பல் நிற அங்கி அணிந்த இளவரசி

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் தோழிகளுக்கும் வணக்கம்.

ஐரோப்பிய இளவரசி ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும், அவருடைய வாழ்க்கை, குடும்பம், உடை அழகு எல்லாம் அதில் வர வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். டயானாவைப் பற்றியோ மொனாக்கோவின் கிரேஸைப் பற்றியோ நான் பேசுவேன் என்று பலர் எண்ணி வந்திருப்பீர்கள். அவர்களைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஆலிஸ் என்ற இளவரசியை. பாட்டன்பெர்க் குடும்பத்தில் பிறந்து, கிரேக்க நாட்டு இளவரசர் ஆண்ட்ரூவுக்கு வாழ்க்கைப்பட்டவர். எலிசபெத் மகாராணியாரின் மாமியார், இளவரசர் பிலிப்பின் தாயார் என்றால் உங்களுக்கு உடனே பிடிபடும். நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் படம் வருமே, கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன், அவருக்கு மூத்த அக்காள்.

இப்படி இன்னாருக்கு மாமியார், இன்னாருக்கு அக்காள் என்றே அவரை அறிமுகப்படுத்த வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்தான். இந்த உறவுகளில் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் பேசப்பட வேண்டிய பெண்மணி அவர்.

1885 பிப்ரவரி 25 அன்று வின்ட்சர் கோட்டையில் பிறந்தார். பிரசவத்தின்போது உடனிருந்தவர் அவருடைய கொள்ளுப்பாட்டியான விக்டோரியா மகாராணி. இதைவிடப் பெரிய இடத்தில் ஒரு குழந்தை பிறக்க முடியாது. ஆனால் அந்தக் குழந்தை வளர வளர, பேச்சு வரவில்லை. தொட்டில் பக்கத்தில் நின்று கூப்பிட்டால் திரும்பவில்லை. மந்தம் என்று நினைத்தவர்கள் உண்டு. அப்பாவைப் பெற்ற பாட்டிதான் சந்தேகப்பட்டு, காது மருத்துவரிடம் அழைத்துப்போனார். பிறவியிலேயே செவித்திறன் இல்லை என்று தெரிந்தது.

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதே என் தொழிலாக இருந்தது. அதனால் இந்த இடத்தில் சற்று நின்று பேச அனுமதியுங்கள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வது என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஏதோ வித்தைபோல நினைக்கிறார்கள். அது ஓயாத உழைப்பு. நம் தமிழிலேயே பாருங்கள். 'பணம்' என்று சொல்லுங்கள், 'மணம்' என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரேபோலத்தான் மூடித் திறக்கும். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, முன்னே வந்த சொல், பின்னே வந்த சொல், பேசுகிறவரின் முகம், கண், கை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எது என்று முடிவு செய்ய வேண்டும். பேசுகிறவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டுவிடும், எல்லாம் போய்விடும். பேசிக்கொண்டே கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அந்த வாக்கியமே தொலைந்தது. மேல் உதட்டை மறைக்கும் மீசை இன்னொரு தொல்லை. மாலையில் அந்தப் பிள்ளைகளுக்கு வருகிற களைப்பு, கேட்கும் பிள்ளைகளுக்கு வருவதில்லை. பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிச் சிரிக்கும்போது அந்தப் பிள்ளை ஒரு நொடி பிந்திச் சிரிக்கும். பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆலிஸின் தாயார், இளவரசி விக்டோரியா, மகளை ஒதுக்கி உட்காரவைக்கவில்லை. அவர் ஊக்கத்தில் அந்தச் சிறுமி ஆங்கிலத்தையும் ஜெர்மனையும் உதட்டில் படித்தாள், வாயாலும் பேசினாள். பிறகு பிரெஞ்சு. திருமணம் நிச்சயமானதும் கிரேக்கம். காதால் ஒரு மொழியைக்கூடக் கேட்காதவர் நான்கு மொழிகளைக் கற்றார். எனக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியர்களில் அவரையும் ஒருவராக நான் எண்ணுகிறேன். இதை மிகைக்காகச் சொல்லவில்லை. என் வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்த பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது.

இனி குடும்பம். விக்டோரியா மகாராணியின் வாரிசுகள் ஐரோப்பாவின் அரண்மனைகள் எங்கும் பரவியிருந்த காலம் அது. ஆலிஸின் கூடப்பிறந்தவர்கள் மூவர். தங்கை லூயிஸ் பிற்காலத்தில் சுவீடன் நாட்டு அரசியானார். தம்பி ஜார்ஜ். கடைக்குட்டி, நாம் அறிந்த மவுண்ட்பேட்டன். தந்தை லூயிஸ் பிறப்பால் ஜெர்மன் இளவரசர். ஆனால் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து அதன் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தார். முதல் உலகப் போர் மூண்டபோது ஜெர்மன் பெயர் இருந்த ஒரே காரணத்துக்காக அவர் பதவி விலக நேர்ந்தது. 1917-இல் குடும்பப் பெயரே பாட்டன்பெர்க்கிலிருந்து மவுண்ட்பேட்டன் ஆயிற்று. ஆலிஸுக்குச் சித்தி முறையில் இருவர் ரஷ்யாவில் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். ஒருவர் கடைசி ஜார் மன்னரின் மனைவி அலெக்சாண்டிரா. மற்றவர் எலிசபெத், வீட்டில் 'எல்லா' என்ற செல்லப்பெயரால் அழைக்கப்பட்டவர். இந்த எல்லா சித்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக லண்டனில் கூடியபோது ஆலிஸ் கிரேக்க மன்னரின் நான்காவது மகன் ஆண்ட்ரூவைச் சந்தித்தார். மறு ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் திருமணம். முதல் நாள் சட்டப்படியான பதிவு. அடுத்த நாள் லுத்தரன் முறையில் ஒன்று, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் முறையில் ஒன்று என இரண்டு சடங்குகள். ரஷ்ய ஜாரே நேரில் வந்திருந்தார்.

இளவரசி என்றதும் நாம் எதிர்பார்க்கும் அழகும் அலங்காரமும் இந்தக் காலத்தில்தான். 1907-இல் ஹங்கேரிய ஓவியர் பிலிப் டி லாஸ்லோ அவரை வரைந்திருக்கிறார். ஐரோப்பாவின் மிக அழகிய இளவரசிகளில் ஒருவர் என்று அவரைச் சொன்னார்கள். அந்த ஓவியத்தைப் பார்த்தால் மறுக்கத் தோன்றாது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கண்கள். அகலத் திறந்த கண்கள். எதிரே இருப்பவரை முழுவதுமாகப் பார்த்துப் பழகிய கண்கள்.

அடுத்த ஆண்டு, 1908-இல், ஓர் உறவினர் திருமணத்துக்காக ரஷ்யா போனார். அங்கே எல்லா சித்தியைக் கண்டார். சித்தியின் கணவர் 1905-இல் வெடிகுண்டு வீச்சில் கொல்லப்பட்டிருந்தார். அந்த அம்மையார் நகைகளையும் உடைமைகளையும் கொடுத்துவிட்டு, மாஸ்கோவில் ஏழைகளுக்கு மருத்துவப் பணி செய்யும் கன்னியர் மடம் ஒன்றை நிறுவிக்கொண்டிருந்தார். விவிலியத்தில் வரும் சகோதரிகள் மார்த்தாள், மரியாள் பெயரில் அமைந்த மடம். அங்கே எழுந்த புதிய தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டும் நிகழ்ச்சியில் ஆலிஸும் நின்றார். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று. இரண்டு பெண் குழந்தைகளின் தாய். வாழ்க்கையின் பிற்பாதி முழுவதும் அவர் செய்தவற்றுக்கு விதை அன்று விழுந்தது என்றுதான் நான் கருதுகிறேன். சித்தியை 1918-இல் புரட்சிக்காரர்கள் கொன்றார்கள். அது பின்னால்.

1912-இல் பால்கன் போர். கணவர் படையோடு போனார். இளவரசிகள் போர்க்காலத்தில் மருத்துவமனையைத் திறந்துவைத்துப் படம் எடுத்துக்கொள்வது அன்றைய வழக்கம். ஆலிஸ் போர்முனைக்குப் பின்னாலேயே போய்க் கள மருத்துவமனைகளை அமைத்தார். அறுவைச் சிகிச்சைகளில் கூட நின்று உதவினார். தாயாருக்கு எழுதிய கடிதத்தில் சிதைந்த கை கால்களைப் பற்றியும், இரத்தம் படிந்த தாழ்வாரத்தில் கழற்றிப் போட்ட கட்டுத்துணி முழங்கால் உயரத்துக்குக் கிடந்ததைப் பற்றியும் எழுதினார். அலறல் அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் வலியில் துடிக்கும் வாய் என்ன சொல்கிறது என்பதை அந்த அறையில் அவரைவிடக் கூர்ந்து பார்த்தவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. 1913-இல் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவருக்கு ராயல் ரெட் கிராஸ் விருது வழங்கினார்.

அதன் பிறகு கிரேக்க அரச குடும்பத்துக்கு நிம்மதியே இல்லை. மாமனார், முதலாம் ஜார்ஜ் மன்னர், 1913-இல் தெசலோனிக்கியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1917-இல் குடும்பம் சுவிட்சர்லாந்துக்கு நாடு கடந்தது. திரும்பி வந்த பிறகு, 1921 ஜூன் 10 அன்று கோர்ஃபு தீவில், மோன் ரெப்போ என்ற மாளிகையில், நான்கு பெண்களுக்குப் பின் பிலிப் பிறந்தார். அடுத்த ஆண்டே துருக்கியோடு நடந்த போரில் கிரேக்கம் தோற்றது. தோல்விக்குப் பொறுப்பு என்று ஆறு தலைவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இளவரசர் ஆண்ட்ரூவும் விசாரிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். 'கலிப்சோ' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனது. ஒன்றரை வயதுக் குழந்தை பிலிப்புக்குத் தொட்டில், ஆரஞ்சுப் பழப் பெட்டி. வின்ட்சர் கோட்டையில் பிறந்தவருடைய மகன் பழப்பெட்டியில் படுத்து நாட்டைவிட்டுப் போனான்.

பாரிஸுக்கு வெளியே சான் கிளூ என்ற இடத்தில், கணவரின் அண்ணன் மனைவி மரி போனபார்ட் கொடுத்த வீட்டில் குடியிருந்தார்கள். ஆலிஸ் கிரேக்க அகதிகளுக்காக நடந்த ஒரு கடையில் வேலை செய்தார். 1928-இல் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் சேர்ந்தார். அதன் பிறகு மெல்ல மெல்ல அவர் மனம் வேறொரு பக்கம் சென்றது. தமக்கு இறைவனிடமிருந்து செய்திகள் வருகின்றன, தம் கைகளுக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டு என்று சொல்லத் தொடங்கினார்.

நண்பர்களே, அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் கோபம் வருகிற பகுதி இதுதான். அவர் நோயுற்றிருந்தாரா? ஆம், நோயுற்றிருந்தார் என்றே நம்புகிறேன். மருத்துவர்கள் மனச்சிதைவு நோய் என்றார்கள். மருத்துவம் வேண்டியிருந்தது. ஆனால் கிடைத்த மருத்துவம் எப்படிப்பட்டது? பெர்லினில் இருந்த மருத்துவர், உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்டிடம் ஆலோசனை கேட்டார். இந்தப் பெண்ணின் பிரமைகளுக்குக் காரணம் நிறைவேறாத உடலிச்சை என்றார் பிராய்டு. கருப்பையின் பக்கத்தில் இருக்கும் சினைப்பைகளுக்கு எக்ஸ்ரே கதிர் பாய்ச்சினால் இச்சை அடங்கும் என்பது அவர் சொன்ன யோசனை. உலகமே கொண்டாடிய மேதை, நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரின் இறைப்பற்றையும் துயரத்தையும் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான். நாடிழந்தவர், சித்திகள் இருவரையும் கொலைக்குப் பறிகொடுத்தவர், மாமனார் சுடப்பட்டவர், கணவர் சாவின் விளிம்பிலிருந்து மீண்டவர் என்ற எதுவும் கணக்கில் வரவில்லை.

1930 மே மாதத்தில், பிள்ளைகள் வீட்டில் இல்லாத ஒரு நாளில், அவருடைய விருப்பத்துக்கு மாறாக அவரை அழைத்துப்போய் சுவிட்சர்லாந்தின் க்ரொய்ட்ஸ்லிங்கன் ஊரில் லுட்விக் பின்ஸ்வாங்கர் நடத்திய மனநல இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். பிலிப்புக்கு அப்போது ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை. வெளியே போய்விட்டு வந்தான். வீட்டில் அம்மா இல்லை.

தமக்குப் பைத்தியம் இல்லை என்று ஆலிஸ் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே போகப் பலமுறை முயன்றார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். அவர் உள்ளே இருந்தபோது, 1930 டிசம்பர் முதல் 1931 ஆகஸ்ட் வரைக்குள், நான்கு மகள்களுக்கும் ஜெர்மன் இளவரசர்களோடு திருமணம் நடந்து முடிந்தது. நான்கில் ஒன்றுக்குக்கூடத் தாய் இல்லை. ஒன்பது மாதத்தில் நான்கு கல்யாணம், பெற்றவள் ஒன்றிலும் இல்லை. பெண்ணைப் பெற்றவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. கணவர் பிரான்சின் தெற்குக் கடற்கரைக்குப் போய்விட்டார். மகன் இங்கிலாந்தில் பாட்டியிடமும் மாமன்களிடமும் பள்ளி விடுதிகளிலுமாக வளர்ந்தான்.

வெளியே வந்த பிறகு சில ஆண்டுகள் அடையாளத்தை மறைத்துக்கொண்டு மத்திய ஐரோப்பாவில் ஊர் ஊராகத் திரிந்தார். தாயாரைத் தவிர யாரோடும் தொடர்பு இல்லை. 1937 நவம்பரில் மூன்றாவது மகள் சிசிலி, கணவரோடும் இரண்டு மகன்களோடும் லண்டனில் நடக்கவிருந்த திருமணம் ஒன்றுக்கு விமானத்தில் புறப்பட்டாள். நிறைமாதக் கர்ப்பிணி. பெல்ஜியத்தின் ஒஸ்டெண்டில் பனிமூட்டத்தில் விமானம் ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கியில் மோதி எல்லோரும் இறந்தார்கள். ஆலிஸும் ஆண்ட்ரூவும் ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஒருவரை ஒருவர் பார்த்தது அந்தச் சவ அடக்கத்தில்தான்.

இப்படி ஒரு துயரம் நேர்ந்தால் நலமாக இருப்பவர்களே உடைந்துபோவார்கள். ஆலிஸ் நிமிர்ந்தார். 1938-இல் தனியாக ஏதென்ஸுக்குத் திரும்பி, ஒரு சிறிய அடுக்கு வீட்டில் குடியேறி, ஏழைகளுக்கு உழைக்கத் தொடங்கினார்.

போர் வந்தது. அவருடைய நிலைமையை எண்ணிப் பாருங்கள். மகன் பிலிப் பிரிட்டிஷ் கடற்படையில். மருமகன்கள் ஜெர்மன் தரப்பில்; அவர்களில் ஒருவரான கிறிஸ்டோஃப், நாஜிகளின் எஸ்.எஸ். படையில் அதிகாரி. கிரேக்க அரச குடும்பத்தில் ஏறக்குறைய எல்லோரும் நாட்டைவிட்டுத் தப்பினார்கள். ஏதென்ஸில் தங்கியவர்கள் ஆலிஸும் அவருடைய ஓரகத்தி, இளவரசர் நிக்கோலஸின் மனைவியும் மட்டுமே. 1941-இல் நகரம் ஜெர்மானியர், இத்தாலியர் கைக்குப் போனது. அந்தக் குளிர்காலத்தில் பஞ்சம். தெருவோரத்தில் மக்கள் சுருண்டு விழுந்து செத்தார்கள். ஆலிஸ் செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து கஞ்சித் தொட்டிகள் நடத்தினார். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு இரண்டு காப்பகங்கள் தொடங்கினார். தங்கை லூயிஸைப் பார்க்கப் போகிறேன் என்ற சாக்கில் சுவீடனுக்கு விமானம் ஏறி, மருந்துப் பொருள்களோடு திரும்பினார்.

மருமகன்களைப் பார்த்து, இந்த அம்மாள் நம் பக்கம் என்று ஜெர்மானியர் எண்ணிக்கொண்டார்கள். ஒரு தளபதி அவரைச் சந்தித்து, உங்களுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டார். "என் நாட்டிலிருந்து உங்கள் படைகளை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்" என்றார் ஆலிஸ். வின்ட்சரில் பிறந்த ஜெர்மன் குடும்பத்துப் பெண் 'என் நாடு' என்று சொன்னது கிரேக்கத்தை.

1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் ஏதென்ஸ் முழுவதும் ஜெர்மானியர் பிடிக்குள் வந்தது. யூதர்களைத் தேடிப் பிடிக்கத் தொடங்கினார்கள். கிரேக்கத்தில் போருக்கு முன் 70,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அந்த நேரத்தில் கோஹன் என்ற யூதக் குடும்பத்தின் நினைவில் ஒரு பழைய வாக்கு வந்தது. குடும்பத் தலைவர் ஹைமாகி கோஹன் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். 1913-இல் முதலாம் ஜார்ஜ் மன்னருக்கு உதவியிருந்தார். உமக்கு எப்போதாவது தேவை வந்தால் கேளும் என்று மன்னர் சொல்லியிருந்தார். இப்போது மன்னரும் இல்லை, ஹைமாகியும் இல்லை. இருந்தவர்கள் ஹைமாகியின் விதவை ராகேலும் பிள்ளைகளும். மகன் போய் ஆலிஸிடம் கேட்டான். மாமனார் முப்பது ஆண்டுகளுக்கு முன் கொடுத்த வாக்கு. ஆலிஸ் அந்தக் குடும்பத்தைத் தம் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார். ராகேல், மகள் டில்டே. பின்னர், எகிப்துக்குத் தப்ப முடியாமல் திரும்பிய மகன் மிஷேல். ஓராண்டுக்கு மேல், நகரம் விடுதலையாகும் வரை, அவர்கள் அங்கே மறைந்திருந்தார்கள். பிடிபட்டிருந்தால் இளவரசி என்ற பட்டம் அவரைக் காப்பாற்றியிருக்காது.

நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாபோவுக்குச் சந்தேகம் வந்தது. விசாரிக்க வந்தார்கள். கேள்வி கேட்டார்கள். ஆலிஸ் அவர்கள் முகத்தைப் பார்த்தார். தமக்குக் காது கேட்காது, அவர்கள் சொல்வது புரியவில்லை என்று காட்டிக்கொண்டார். ஜெர்மன் அவர் குழந்தைப் பருவத்தில் உதட்டில் படித்த மொழி. வந்தவர்கள் கேட்ட ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கியிருக்கும். விளங்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கேட்டவர்கள் சலித்துப் போய்விட்டார்கள். குறை என்று ஊரும் உறவும் நினைத்த ஒன்றை அந்த நாளில் கதவுபோலச் சாத்தி, உள்ளே மூன்று உயிர்களைக் காத்தார். மற்றொன்றும் எனக்குத் தோன்றும். விருப்பத்துக்கு மாறாக வீட்டிலிருந்து அழைத்துப்போகப்படுவது எப்படியிருக்கும் என்பது அந்த வீட்டில் ராகேலுக்குப் புதிய அச்சம். ஆலிஸுக்குத் தெரிந்த அனுபவம்.

1944 அக்டோபரில் ஏதென்ஸ் விடுதலையானபோது, பின்னாளில் பிரிட்டன் பிரதமரான ஹரால்ட் மாக்மில்லன் அவரைப் பார்த்துவிட்டு, மிக எளிய, சற்று அவலமான நிலையில் வாழ்கிறார் என்று எழுதினார். மாதக்கணக்கில் இறைச்சியைக் கண்ணால் பார்க்கவில்லை என்று மகனுக்கு ஆலிஸ் எழுதினார். டிசம்பரில் தெருச் சண்டை மூண்டது. அதற்குள் கணவர் மான்டே கார்லோவில் இறந்த செய்தியும் வந்திருந்தது. ஊரடங்கையும் மீறி, குழந்தைகளுக்கும் போலீஸ்காரர்களுக்கும் ரேஷன் பொருள்களைக் கொடுக்கத் தெருவில் நடந்தார். குண்டு பட்டுவிடும் என்று எச்சரித்தவர்களிடம், "நம்மைக் கொல்லும் குண்டின் சத்தம் நமக்குக் கேட்காது என்கிறார்கள், எனக்கோ காதே கேட்காது. பிறகு எதற்குக் கவலை?" என்றார்.

உடை அழகு பற்றி விரிவாகப் பேசவில்லையே என்று நினைப்பீர்கள். இப்போது அதற்கு வருகிறேன். 1947-இல் பிலிப் இளவரசி எலிசபெத்தை மணந்தார். நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் வாங்க மகனிடம் பணமில்லை. ஆலிஸிடம் மிஞ்சியிருந்த தியாராவை, அதாவது தலையில் அணியும் வைர அணியை, பிரித்து, அதிலிருந்த வைரங்களை எடுத்து மோதிரம் செய்தார்கள். எலிசபெத் மகாராணியின் விரலில் வாழ்நாள் முழுவதும் இருந்தது மாமியாரின் தலைமுடியிலிருந்து இறங்கிய வைரம். மருமகள் மோதிரத்தை அணிந்து உலகம் பார்த்தது. மாமியார் தியாரா இல்லாமல் இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. அந்தத் திருமணத்துக்கு உயிரோடிருந்த மூன்று மகள்களையும் அழைக்கவில்லை, ஜெர்மானியர்களுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் என்ற காரணத்தால்.

1949-இல் எல்லா சித்தியின் வழியில், மார்த்தாள் மரியாள் பெயரிலேயே, செவிலியர் கன்னியர் சபை ஒன்றைத் தொடங்கினார். நிதி திரட்ட இருமுறை அமெரிக்கா போனார். அன்று முதல் அவர் உடை சாம்பல் நிற அங்கி, தலையை மூடிய முக்காடு. 1953-இல் மருமகளின் முடிசூட்டு விழா. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் எர்மின் ரோமம் பதித்த மேலங்கிகளும் வைரக் கிரீடங்களும் மின்னுகின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு பெண்மணி கன்னியர் உடையின் பாணியில் தைத்த சாம்பல் நிற நீள அங்கியில் நடந்து வருகிறார். ஐரோப்பிய அரச குடும்பத்து உடை வரலாற்றில் எனக்குப் பிடித்த ஒரே உடை அதுதான். ஏழ்மையைக் காட்டுவதற்காக அணிந்த உடை அன்று. தினமும் வேலைக்கு அணிந்துபோகும் உடையையே விழாவுக்கும் ஏற்றபடி தைத்து அணிந்து வந்தார். அவரைப் புனிதராக்கிப் படம் மாட்டவும் வேண்டாம். சிகரெட் பிடிப்பார், சீட்டு ஆடுவார். சிகரெட் பிடித்துச் சீட்டாடும் கன்னியாஸ்திரீயைப் பற்றி என்ன சொல்வது என்று அவருடைய தாயாரே அலுத்துக்கொண்டிருக்கிறார். சேர ஆளில்லாமல் அந்தச் சபையும் நிலைக்கவில்லை.

நம் நாட்டோடு அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. இந்திய ஆன்மிகச் சிந்தனையில் அவருக்கிருந்த ஈடுபாட்டைக் கண்டு, நம் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் அவரை அழைக்க, 1960-இல் இந்தியா வந்தார். உடல்நலம் கெட்டதால் பயணம் பாதியில் முடிந்தது. தம்பி மனைவி எட்வினா மவுண்ட்பேட்டன் அந்த நேரம் டெல்லியில் இருந்ததால் நிலைமையைச் சமாளித்தார்.

1967-இல் கிரேக்கத்தில் இராணுவ ஆட்சி வந்த பிறகு மகனும் மருமகளும் அழைத்ததால் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு வந்தார். 1969 டிசம்பர் 5 அன்று இறந்தபோது அவருடையது என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் முன்பே கொடுத்திருந்தார். எருசலேமில், ஒலிவ மலைச் சரிவில், மகதலேனா மரியாள் ஆலயத்தில் எல்லா சித்தியின் பக்கத்தில் தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். அவ்வளவு தூரம் கல்லறைக்கு எப்படி வருவோம் என்று ஒரு மகள் குறைப்பட்டபோது, அங்கே நல்ல பஸ் வசதி இருக்கிறதே என்றாராம். அந்த ஆசை நிறைவேற 1988 வரை ஆயிற்று. அதுவரை வின்ட்சரில் இருந்தார்.

யூதர்களைக் காத்த பிற இனத்தாருக்கு இஸ்ரேலின் யாட் வஷேம் அமைப்பு தரும் உயரிய கௌரவம் அவருக்குக் கிடைத்தது. 1994 அக்டோபரில் அதை ஏற்றுக்கொள்ள எருசலேம் போனவர்கள் மகன் பிலிப்பும் கடைசி மகள் சோஃபியும். சோஃபி வேறு யாருமல்ல, அந்த எஸ்.எஸ். அதிகாரி கிறிஸ்டோஃபின் விதவை. பின்னர் மறுமணம் செய்துகொண்டவர். அங்கே பேசிய பிலிப், கோஹன் குடும்பத்துக்கு அடைக்கலம் கொடுத்ததை அம்மா யாரிடமும் சொன்னதாகத் தங்களுக்குத் தெரியாது என்றார். தாம் செய்தது ஏதோ சிறப்பான செயல் என்று அவருக்குத் தோன்றியே இருக்காது, துன்பத்தில் இருக்கும் சக மனிதர்களுக்கு இயல்பாகச் செய்வது அது என்றே நினைத்திருப்பார் என்றும் சொன்னார்.

மகன் சொன்னதில் முதல் பாதியை ஏற்கிறேன். 'இயல்பு' என்பதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அதே ஏதென்ஸில், அதே மாதங்களில், அஞ்சிக் கதவைத் திறக்காத வீடுகளும் இருந்தன. கோஹன் குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்தவர் அவர் அல்லர். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். முன்பே மனநோயாளி என்று முத்திரை குத்தப்பட்டவர், மருமகன்கள் எதிரி முகாமில் இருந்தவர், காது கேளாதவர், ஐம்பத்தெட்டு வயதில் தனியாக இருந்தவர். ஒதுங்கிக்கொள்ள இத்தனை காரணங்கள் கைவசம் இருந்தும், ஒன்றைக்கூட அவர் எடுத்துப் பயன்படுத்தவில்லை.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், காத்திருக்கிறேன். வணக்கம்.